எழுந்ததும் ஏன் பட்டனை அழுத்துகிறாய்?

கேள்வி: "அண்ணா, எனக்கு இது பள்ளிக் கடைசி வருஷம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் கென் என்ற கதாபாத்திரத்தை ஆடுகிறேன். ஆன்லைனில் மாஸ்டர் என்ற உயர்ந்த தரம் வந்தாச்சு. ஆனால் போன இரண்டு டோர்னமென்டிலும் 0-2. குழுவில் இருக்கிற பசங்க தினம் ஆறு மணி நேரம் ஆடினால்தான் தேறுவாய் என்கிறார்கள். வீட்டில் தேர்வு முடியும்வரை அதைத் தொடாதே என்கிறார்கள். தேர்வு முடிந்து மூன்று வாரத்தில் அடுத்த டோர்னமென்ட். யார் சொல்வதைக் கேட்பது? தோற்ற நாலு செட்டின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்."

தம்பி, நாலு செட்டையும், அதாவது நாலு மோதல்களின் எல்லா கேமையும், இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. அதனால் குழு சொல்வது சரியா வீடு சொல்வது சரியா என்பதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைக்கிறேன். நீ தோற்ற காரணத்துக்கும் நீ ஆடும் மணிக்கணக்குக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை.

முதலில் அந்த 0-2. ஏதோ தலைக்குனிவு போல எழுதியிருக்கிறாய். டபுள் எலிமினேஷன் பிராக்கெட்டை, அதாவது இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே போகும் போட்டி வரைபடத்தை, ஒரு தாளில் வரைந்து பார். 64 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். முதல் சுற்றில் 32 பேர் தோற்று லூசர்ஸ் பக்கம், அதாவது ஒருமுறை தோற்றவர்களின் பக்கம், இறங்குவார்கள். அவர்கள் தங்களுக்குள் மோதி 16 பேர் வெளியே போவார்கள். அந்த 16 பேரும் 0-2. இதில் திறமை என்ற பேச்சே வரவில்லை பார். 64 உலகச் சாம்பியன்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் அவர்களில் 16 பேர் ஒரு செட்கூட ஜெயிக்காமல்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்த லூசர்ஸ் சுற்றில் இன்னும் 16 பேர் 1-2 என்று போவார்கள். ஆக, வந்தவர்களில் சரிபாதிப் பேர் ஒரு வெற்றிக்கு மேல் பார்ப்பதில்லை. சண்டை ஆட்டங்களின் பெரிய உலகப் போட்டியான எவோவில், 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,061 பேர் பதிந்திருந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்து ஆங்ரிபேர்ட் ஜெயித்தார். மீதி 7,060 பேருக்கும் பிராக்கெட்டில் எங்கோ ஓரிடத்தில் கதை முடிந்தது. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு டோர்னமென்டிலும் 0-2. மூன்றாவதில் எதிராளி ஒருவர் வராமலே போனதால் 1-2 என்று பதிவானது. வீட்டில் அதை வெற்றி என்றுதான் சொல்லிவைத்தேன்.

இனி வீடியோ. கடைசி செட்டில் மட்டும் நீ கீழே விழுந்து எழுந்தது 11 முறை. அதில் 9 முறை, எழுந்த கணமே த்ரோ டெக்குக்காக (அவர் உன்னைப் பிடித்துத் தூக்கியெறிவதை முறிப்பதற்காக) இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாய். முதல் இரண்டு தடவை அவர் த்ரோ போட வந்தார், நீ டெக் செய்தாய். அப்போது நீ நிமிர்ந்து உட்கார்ந்தது வீடியோவிலேயே தெரிகிறது. மூன்றாவது தடவையிலிருந்து அவர் கிட்டே வந்தார், ஓர் அடி பின்வாங்கினார், உன் த்ரோ காற்றைப் பிடிப்பதைப் பார்த்தார், முழு காம்போவை, அந்தத் தொடர் அடிகளை, இறக்கினார். இந்தப் பின்வாங்கும் ஏமாற்றுக்குப் பெயர் ஷிம்மி, வேறொன்றுமில்லை. நீ செட் முழுக்க அதே இடத்தில் மாட்டிக்கொண்டே இருந்தாய். முடிந்ததும் குழுவில் 'அவன் என் மனசைப் படிக்கிறான்' என்று எழுதியிருக்கிறாய். படிக்க அங்கே ஒரே ஒரு வரிதானே இருந்தது?

இதை உன் நிகழ்தகவுப் பாடமாகவே போட்டுப் பார்க்கலாம். ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். த்ரோ 5 ஃப்ரேமில் விழுந்துவிடும், அதாவது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைய மனிதனுக்கு 12 முதல் 15 ஃப்ரேம் ஆகும். ஆகவே த்ரோவைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது, ஊகிக்கத்தான் முடியும். சாதாரண த்ரோ 1,200 ஹெல்த் எடுக்கும். ஷிம்மியில் மாட்டினால் வரும் காம்போ கேஜ் எனும் சக்திப் பட்டையைப் பொறுத்து ஏறும் இறங்கும், 3,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஹெல்த் 10,000. நீ பிளாக் பிடித்திருக்கையில் த்ரோ வந்தால் 1,200 போகும். டெக் அழுத்துகையில் ஷிம்மி வந்தால் 3,000 போகும். மற்ற இரண்டு சேர்க்கையிலும் எதுவும் போகாது.

நீ பிளாக் பிடிக்கும் நிகழ்தகவை 'ப' என்று வை. அவர் த்ரோவே போட்டுக்கொண்டிருந்தால் சராசரியாக 1,200 × ப எடுப்பார். ஷிம்மியே செய்துகொண்டிருந்தால் 3,000 × (1 − ப). இரண்டும் சமமாகும் இடம் ப = 5/7. ஏழில் ஐந்து முறை பிளாக், இரண்டு முறை டெக். அப்படி ஆடினால் அவர் எதைச் செய்தாலும் ஒரு முறைக்குச் சராசரியாக 857-க்கு மேல் எடுக்க முடியாது. நீ செய்ததோ 11-க்கு 9 டெக். அதை மோப்பம் பிடித்த ஒருவர் ஷிம்மியை மட்டும் செய்தால் சராசரி 2,450-ஐத் தாண்டும். நாலு முறை விழுந்தால் ஏறக்குறைய ஒரு ரவுண்டு காலி. நீ தோற்ற விதம் இந்தக் கணக்குக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார், அங்கேதான் சுவாரசியம். அவர் ஏழில் ஐந்து முறை த்ரோவும் இரண்டே முறை ஷிம்மியும் செய்ய வேண்டும் என்று வரும். பெரிய அடியை அபூர்வமாகவும் சின்ன அடியை அடிக்கடியும் போடச் சொல்கிறது கணக்கு. முதலில் படித்தபோது எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. யோசித்தால் புரியும்: அந்தப் பெரிய அடியின் பயம்தான் உன்னை பிளாக்கிலேயே உட்கார வைக்கிறது, பிளாக்கில் உட்கார்ந்திருப்பவன் மேல்தான் த்ரோ விழுகிறது. 'சும்மா சும்மா த்ரோ போடுறான்' என்று குழுவில் திட்டுகிறார்களே, அந்த ஆள் பெரும்பாலும் சரியாகத்தான் ஆடிக்கொண்டிருப்பார்.

நிஜ ஆட்டம் நாலு கட்டத்துக்குள் அடங்காது என்பது உனக்கே தெரியும். எழும்போது ஓடி (OD) ஷோர்யூகன், அதாவது கேஜைச் செலவழித்து மேல்நோக்கி எழும் குத்து இருக்கிறது, தாவல் இருக்கிறது, வரும் அடியைச் சரியான கணத்தில் தட்டிவிடும் பெர்ஃபெக்ட் பேரி இருக்கிறது, மூலையில் மாட்டியிருந்தால் எல்லா எண்ணும் மாறும். 5/7 என்று சீட்டு எழுதிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஒரு த்ரோவை வாங்கிக்கொள்வதும் தற்காப்புதான் என்று உன் கை நம்ப வேண்டும், அவ்வளவே. இப்போது உன் கை அதை அவமானமாக நினைக்கிறது.

ஆன்லைனில் மாஸ்டர் வந்தவனுக்கு இது ஏன் தெரியாமல் போனது என்று கேட்பாய். ராங்க்டில், அதாவது ஆன்லைன் தரவரிசை ஆட்டத்தில், ஒரே ஆளோடு இரண்டு மூன்று கேம்தான். உன் பழக்கத்தை அவர் கண்டுபிடிப்பதற்குள் போய்விடுவார், அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆயிரம் அந்நியர்களிடம் அதே தந்திரத்தை ஆயிரம் தடவை விற்கலாம். டோர்னமென்டிலும் செட் சின்னதுதான், ஆனால் அங்கே எதிரே இருப்பவர் உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டு இருக்கிறார். பின்னால் நிற்கும் அவருடைய நண்பர்களும் முந்தைய செட்டில் உன்னைப் பார்த்திருப்பார்கள்.

நெட்வொர்க் விஷயமும் கொஞ்சம் உண்டு. இன்றைய ஆட்டங்கள் ரோல்பேக் முறையில் ஓடுகின்றன. எதிராளியின் இன்புட் வந்துசேரும் முன்பே, அவர் இதைத்தான் அழுத்தியிருப்பார் என்று உன் கருவி ஊகித்து ஆட்டத்தை நகர்த்தும். தப்பென்றால் சில ஃப்ரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். இதைப் பரவலாக்கிய ஜிஜிபிஓ (GGPO) மென்பொருளை 2006-ல் எழுதியவர் டோனி கேனன். எவோவை நடத்தியவர்களில் அவரும் ஒருவர், அந்தக் காலத்து ஆன்லைன் ஆட்டத்தின் தாமதத்தைப் பொறுக்க முடியாமல் எழுதினார். அது இல்லாவிட்டால் உன் தலைமுறைக்கு வீட்டிலிருந்தபடி இவ்வளவு பயிற்சி கிடைத்திருக்காது. ஆனாலும் அந்தத் திருத்தல்களுக்கு நடுவே, நேரில் அடிவாங்கிக் கொடுக்கும் சில அசைவுகள் ஆன்லைனில் தப்பித்துவிடும். டிரைவ் ரஷ் எனும் வேகப் பாய்ச்சலில் நீ கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைவது அப்படிப்பட்ட ஒன்று. நேரில் இரண்டு பேர் அதை ஜாப் எனும் சின்னக் குத்தால் நிறுத்திவிட்டார்கள், கவனித்தாயா?

அடுத்தது டிரைவ் இம்பாக்ட், உன் அடியைத் தாங்கிக்கொண்டே எதிராளி போடும் பெரிய அடி. நாலு செட்டிலும் சேர்த்து நீ 7 வாங்கியிருக்கிறாய். அது வர 26 ஃப்ரேம் ஆகும், நொடியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நீயே சொல்வாய், லேபில் (தனியாகப் பழகும் பயிற்சி முறையில்) பத்துக்குப் பத்து திருப்பியடிக்கிறேன் என்று. அடிப்பாய்தான், ஏனென்றால் லேபில் அதைத் தவிர வேறெதையும் எதிர்பார்த்து உட்காருவதில்லை. செட்டில் அதே நேரம் அவர் தாவுவாரா என்று பார்க்க வேண்டும், உன் கேஜ் எத்தனை கட்டம் மிச்சம், அது முழுக்கத் தீர்ந்து பர்ன்அவுட் ஆகிவிடுமா, பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை மென்டல் ஸ்டாக் என்பார்கள். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காத்திருப்புகள். அடுக்கு ஏற ஏற ஒவ்வொன்றுக்கும் கை மெதுவாகும். உன் கண் வேகமாகத்தான் இருக்கிறது, அடுக்குதான் நிரம்பி வழிகிறது. இதற்கு மருந்து, சில விஷயங்களை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழக்கி அடுக்கிலிருந்து இறக்கி வைப்பது. தாவலுக்கு ஷோர்யூகன் உன் கையில் தானாக வந்துவிட்டால், அந்த இடம் டிரைவ் இம்பாக்டுக்குக் காலியாகும். நாலு செட்டில் உன் தலைக்கு மேல் பாதித் தாவல்கள் சும்மா இறங்கின. கென் வைத்துக்கொண்டு இது ஆகாது.

இப்போது ஆறு மணி நேரம். குழுவில் அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் அவ்வளவு ஆடுகிறார்கள். அதில் எவ்வளவு பயிற்சி என்பதுதான் கேள்வி. நான் உன் வயதில் ஆடிய ஐந்து மணி நேரத்தில் நாலு மணி நேரம், கையில் ஏற்கெனவே இருந்ததைத் திரும்பத் திரும்பச் செய்ததுதான். தோற்றால் கோபத்தில் இன்னொரு கேம், ஜெயித்தால் குஷியில் இன்னொரு கேம். 'ஒரு ஜெயிப்போடு முடித்துக்கொள்கிறேன்' என்று நினைத்தாயோ, அன்றைக்குத் தூக்கம் போச்சு. இத்தனை கேம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள், அந்த எண் வந்ததும் தோல்வியிலிருந்தாலும் எழுந்துவிடு. இதைப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

பாடத்துக்கும் இதுவேதான். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் உருப்போடுவதைவிட அதே ஐந்து மணியை ஐந்து நாளாகப் பிரித்துப் படித்தால் நினைவில் நிற்கும். ஜெர்மனியின் எப்பிங்ஹாஸ் 1885-லேயே நினைவாற்றலைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து இந்த இடைவெளியின் பலனை எழுதிவைத்தார். காம்போவும் அப்படியே. ஒரே காம்போவை நூறு தடவை வரிசையாக அடித்தால் அன்றைக்கு மிகத் தேறியது போலிருக்கும், மறுவாரம் காணாமல் போகும். மூன்று காம்போவை மாற்றி மாற்றி, வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து என்று அடித்தால் அன்றைக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் நிற்கும். எரிச்சல் பிடிக்காததால்தான் எல்லாரும் நூறு தடவை முறைக்குப் போகிறார்கள்.

ஆகையால் தேர்வு முடியும்வரை ராங்க்டை முழுதாக மூடிவை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி, லேப் மட்டும். படிப்புக்கு நடுவே வேண்டாம், அன்றைய படிப்பு முடிந்த பிறகு. ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதிவைத்துக்கொண்டு உட்கார். எடுத்துக்காட்டாக, டம்மியை, அதாவது லேபின் பயிற்சிப் பொம்மையை, உன்னைக் கீழே தள்ளவிட்டு, த்ரோ, ஷிம்மி, மீட்டி அடி (எழும் கணத்திலேயே விழும் அடி) மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யுமாறு பதிவு செய், எழும்போது பிளாக் பிடித்தபடி இருக்க உன் கை எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்று பார். ஃப்ரேம் மீட்டரைத் திறந்துவைத்தால் நீ எங்கே அவசரப்பட்டாய் என்று அங்கேயே தெரியும். அடுத்த வாரம் தாவல். அதற்கடுத்த வாரம் டிரைவ் இம்பாக்ட், ஆனால் தாவலோடு கலந்து. இதற்கு மேல் வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வாரம் அதுவும் வேண்டாம்.

இடைவெளி விட்டால் கை மறந்துவிடும் என்ற பயம் உனக்கு இருக்கும். ஜப்பானின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டைகோ உமெஹரா 2004-க்குப் பிறகு சில வருஷம் போட்டி ஆட்டத்தையே விட்டுவிட்டார். மாஜாங் ஆடிப் பார்த்தார், பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்ததும் திரும்பினார், 2009 எவோவில் ஜெயித்தார், 2010-லும் ஜெயித்தார். நாம் டைகோ இல்லைதான். ஆனால் நீ விடப்போவது வருஷங்களும் இல்லையே, இரண்டு மாதம்.

படிப்பும் ஆட்டமும் ஒன்றாகப் போகாது என்பவர்களுக்கு ஜப்பானின் முன்னணி ஆட்டக்காரர் டோகிடோவைக் காட்டலாம், டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரி. ஸ்மாஷ் மெலீ என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தில் ஹங்ரிபாக்ஸ் வேதிப் பொறியியல் படித்து, பொறியாளராக வேலை பார்த்தபடியே உலகின் முதல் வரிசையில் நின்றவர், முழுநேரம் ஆடவந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் இந்தப் பெயர்களை வீட்டில் வாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதே, எடுபடாது. நான் முயன்று பார்த்தவன். தேர்வுத் தேதிகளையும் டோர்னமென்ட் தேதியையும் ஒரே தாளில் எழுதி, நடுவே நீ எந்தெந்த நாள் எவ்வளவு நேரம் ஆடப்போகிறாய் என்பதையும் எழுதிக் கொடு. பிறகு அந்தத் தாளை மீறாதே. என் வீட்டில் அதுதான் வேலை செய்தது, அதுவும் இரண்டாம் மாதத்தில்தான்.

உன் குழுவைப் பற்றி. ஆறு மணி நேர அறிவுரையைத் தவிர அங்கே நல்ல சரக்கு இருக்கிறது, நீ கேட்கும் விதம்தான் சரியில்லை. 'ஜேபி என்ற கதாபாத்திரத்தை எப்படி ஜெயிப்பது' என்று கேட்டால் 'முடியாது, அது ஓவர் பவர்' என்றுதான் பதில் வரும், அப்புறம் நூறு சிரிப்புப் படம். 'ஜேபி முக்கால் திரை தூரத்தில் நின்று கீழிருந்து முள்ளை எழுப்பும்போது கென் கையில் என்ன இருக்கிறது' என்று கேள், இரண்டு பேராவது லேபைத் திறந்து பார்த்துச் சொல்வார்கள்.

நேரில் சேர்ந்து ஆடுவதன் பலத்துக்கு டெக்கன் என்ற சண்டை ஆட்டத்தின் பாகிஸ்தான் ஆட்டக்காரர்களைவிட நல்ல சான்று இல்லை. 2019 தொடக்கத்தில் லாகூரின் அர்சலான் ஆஷ் எவோ ஜப்பானில் ஜெயித்தபோது வெளியுலகில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. விசா, விமானம் என்று வழியெல்லாம் இழுபறிப்பட்டுத்தான் வந்துசேர்ந்தார். ஜெயித்துவிட்டு, எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். தன்னடக்கப் பேச்சு என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதே வருஷம் லாஸ் வேகஸ் எவோவிலும் ஜெயித்தார். பிறகு அதே நாட்டின் ஆதிஃப் பட் 2022 டெக்கன் வேர்ல்ட் டூரின் இறுதிப் போட்டியை ஜெயித்தபோது எல்லாருக்கும் புரிந்தது. ஒருவரையொருவர் தினமும் நேருக்கு நேர் கிழித்துப் போட்டே அந்தக் கூட்டம் வளர்ந்திருக்கிறது. உன் குழுவில் கென்னுக்குத் தொல்லை தரும் கதாபாத்திரத்தை ஆடுபவர் ஒருவரையாவது பிடி. தேர்வுக்குப் பிறகு வாரம் இருமுறை, பத்து வெற்றிவரை ஒரே செட். ஐந்தாவது கேமுக்கு மேல்தான் அவர் உன்னைக் கண்டுகொள்வார், அங்கிருந்துதான் பயிற்சி ஆரம்பிக்கும்.

இனி டோர்னமென்ட் நாள். கையில் இருக்கும் கன்ட்ரோலர் ஒயர்லெஸ் என்றால் கேபிளோடு போ, முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்திரு. இல்லாவிட்டால் உன் கன்ட்ரோலர் அடுத்தவர் ஆட்டத்தின் நடுவே தானாக இணைந்து மெனுவைத் திறக்கும், அந்தப் பாவம் உன் தலையில் விழும். ஆட்டம் நடுவே உன் கையால் நின்றுபோனால் (pause) பல இடங்களில் அந்த ரவுண்டையே எடுத்துவிடுவார்கள். பட்டன் சோதனையை முதல் கேமுக்கு முன்பே முடி, வெட்கப்படாதே. வலப்பக்க இருக்கை கிடைத்தால் உன் ஷோர்யூகன் தடுமாறுவது மூன்றாவது செட்டில் தெளிவாகத் தெரிந்தது, அதனால்தான் மேலே இருபக்கமும் பழகச் சொன்னேன். பக்கம் பிடிக்கவில்லை என்றால் மாறக் கேட்பதும் தப்பில்லை. 2018 எவோவில் டிராகன் பால் ஃபைட்டர்இசட் இறுதியில் சோனிக்ஃபாக்ஸ் என்ற ஆட்டக்காரர் நடுவே பக்கம் மாறக் கேட்டு மாறி உட்கார்ந்தார், உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது. ஜெயித்தும் விட்டார். விதியை மட்டும் முன்கூட்டியே படித்துவிடு, இடத்துக்கு இடம் மாறும்.

செட்டுக்குள் என்ன பார்ப்பது என்று கேட்டால், முதல் ரவுண்டில் மூன்றே விஷயம். கீழே விழுந்து எழும்போது என்ன செய்கிறார். மூலைக்குத் தள்ளப்பட்டால் தாவுகிறாரா, பொறுக்கிறாரா. கேஜ் தீரும் தறுவாயில் அடங்குகிறாரா, இன்னும் வேகமாக வருகிறாரா. ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில நொடிகளில் இதற்கு மட்டும் மனசில் பதில் சொல்லிக்கொள். ஒரு விஷயம் வேலை செய்கிறது என்றால் அவர் பதில் காட்டும்வரை மாற்றாதே. உனக்குள்ளே 'இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்' என்று ஒரு குரல் சொல்லும். இரண்டாவது செட்டில் நீ அந்தக் குரலைக் கேட்டுத்தான் தோற்றாய். உன் கீழ் மீடியம் கிக்கை அவர் ஒரு தடவைகூடத் தண்டிக்கவில்லை, நீயாகவே நிறுத்திவிட்டுத் தாவ ஆரம்பித்தாய்.

நீ கென் ஆடுவதால் 2004 எவோவின் அந்தப் புகழ்பெற்ற வீடியோவை மனப்பாடமாகப் பார்த்திருப்பாய். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக், டைகோவின் கென், ஜஸ்டின் வாங்கின் சுன்-லி. டைகோவுக்கு ஹெல்த் ஒரு நூலளவு, பிளாக் பிடித்தாலே உயிர் போய்விடும், சுன்-லியின் சூப்பர் எனும் பெருந்தாக்குதலின் 15 அடியையும் பேரி செய்து திருப்பியடித்தார். எல்லாரும் அதைக் கைவேகம் என்கிறார்கள். நான் அதில் பார்ப்பது அதற்கு முந்தைய சில நொடிகளை. சுன்-லி எட்டத்தில் நின்று சின்னச் சின்ன அடியாகத் தொட்டுப் பார்க்கிறாள், கென் முன்னும் பின்னும் நகர்ந்தபடி அந்த சூப்பர் வரும் என்றே காத்திருக்கிறான். முதல் அடியைப் பார்த்தபின் பேரி செய்ய நேரமே இருக்காது. அந்த 15 அடியின் தாளமும் கையில் முன்பே இருந்தாக வேண்டும். கூடவே, அந்த வீடியோவைப் பார்ப்பவர்களில் பலர் மறந்துவிடும் ஒன்று: அது லூசர்ஸ் இறுதி. அதற்கடுத்து கிராண்ட் ஃபைனலில் டைகோ, யுன் என்ற கதாபாத்திரத்தை ஆடிய கேஓ என்பவரிடம் தோற்றார்.

லூசர்ஸிலிருந்து ஏறிவருவதைப் பார்க்க வேண்டுமென்றால் 2017 எவோவின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 இறுதியைப் பார். பங்க் என்ற ஆட்டக்காரர் வின்னர்ஸ் பக்கம், டோகிடோ லூசர்ஸ் பக்கம். டோகிடோ இரண்டு செட் ஜெயிக்க வேண்டும், ஜெயித்தார். தேர்வு முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து, பங்க் எந்த இடத்தில் முன்னே நடப்பதை நிறுத்துகிறார் என்று மட்டும் கவனி.

கேள்வியில் கேட்காமல், வீடியோவோடு வந்த குறிப்பின் கடைசி வரியில் ஒளித்து வைத்திருந்தாயே, 'கென்னை விட்டு வேறு யாரையாவது எடுக்கலாமா, இதையே தொழிலாக்கலாமா' என்று. கதாபாத்திரத்தை மாற்றாதே. எழுந்ததும் பட்டன் அழுத்தும் கை புதுக் கதாபாத்திரத்திலும் அதையேதான் அழுத்தும், காம்போ மட்டும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். தொழில் பற்றி: ஸ்ட்ரீட் ஃபைட்டரின் உலகப் போட்டியான கேப்காம் கப் டென்னில் முதல் பரிசு 10 லட்சம் டாலர், 2024-ல் தைவானின் யூமா வாங்கினார். அந்த எண்ணைத்தான் எல்லாரும் குழுவில் போடுகிறார்கள். பரிசு ஏணியில் கொஞ்சம் கீழே இறங்கினாலே தொகை மளமளவென்று சுருங்கிவிடும் என்பதை யாரும் போடுவதில்லை. பள்ளி முடிக்காமல் அதை யோசிக்க வேண்டிய அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். வலியோடு ஒரு நாளும் ஆடாதே, இரண்டு வாரத்தில் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டு.

தேர்வு முடிந்ததும் பத்து வெற்றி செட் ஒன்றின் வீடியோவை அனுப்பு. ஜெயித்ததா தோற்றதா என்று சொல்ல வேண்டாம். எத்தனை முறை விழுந்தாய், அதில் எத்தனை முறை பட்டனைத் தொடாமல் எழுந்தாய் என்று நீயே எண்ணி எழுதி அனுப்பு, நான் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா பார்ப்போம்.